எல்லை தாண்டும் ட்ரெய்லர்: புதிதாகப் போகும் டிரைவருக்கு ஓர் அறிமுகம்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளில் இருப்பார். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களின் பாடு ஊருக்கு ஓரளவு தெரியும். ஹெவி லைசென்ஸ் எடுத்து ட்ரெய்லர் ஓட்டப் போனவர்களின் வேலை அவ்வளவாகத் தெரியாது. அதிலும் ஒரு நாட்டில் லோடு ஏற்றி இன்னொரு நாட்டில் இறக்குகிற டிரைவரின் வேலை வீட்டில் இருப்பவர்களுக்கே விளங்காது. கொள்முதல் நிலையத்து நெல்லும் காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியும் ஏற்றிப் பழகிய நம் பிள்ளைகள் அங்கே போனதும் வண்டியைச் சீக்கிரம் கைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பார்டரைப் பழகத்தான் நாளாகிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. முதல் டிரிப்பில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து, அது நிற்கும் இடத்தில் நின்று, அந்த டிரைவர் நீட்டும் பேப்பரை நீட்டி எப்படியோ கடந்துவிடுகிறார்கள். ஏன் நீட்டுகிறோம் என்று தெரியாமலே வருடங்கள் ஓட்டியவர்களும் உண்டு. ஏதாவது ஒன்று சிக்கினால்தான் அந்த அறியாமையின் விலை தெரிகிறது. அந்த விலையை நம் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது.

எல்லை என்பது டெல்டா டிரைவருக்குப் புதிதல்ல. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அதற்கப்புறம் காரைக்கால், புதுச்சேரி அரசு. திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநில எல்லையில் வரிக்காக நிறுத்துவது நின்றுபோனது. 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான இணையச் சீட்டு) கையில் இருந்தால் காஷ்மீர் வரைக்கும் லோடு போகும். டிரைவர் யார், எந்த ஊர் என்று வழியில் யாரும் துருவுவதில்லை. நாட்டெல்லையில் இந்தப் பழக்கம் உதவாது.

ஆள், வண்டி, சரக்கு

நாட்டெல்லையில் ஒரு ட்ரெய்லர் கடக்கிறது என்றால் உண்மையில் மூன்று விஷயங்கள் தனித்தனியாகக் கடக்கின்றன. டிரைவர் என்ற ஆள், வண்டி, உள்ளே இருக்கும் சரக்கு. மூன்றுக்கும் சட்டம் வேறு, பேப்பர் வேறு, பார்க்கிற அதிகாரி வேறு. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மற்ற இரண்டும் அங்கேயே நிற்கும். புதிதாக வருபவர் இந்தப் பிரிவை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எந்த கவுன்டரில் எந்தப் பேப்பரை நீட்ட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

ஆளுக்குரியது பாஸ்போர்ட்டும் விசாவும். இதைப் பார்ப்பது ஜவாஸாத், அதாவது குடியேற்றத் துறை. எமிரேட்ஸில் வேலை விசா இருப்பதால் சவுதிக்குள் தானாக விட்டுவிட மாட்டார்கள். சவுதிக்குத் தனி விசா வேண்டும், அதைக் கம்பெனி எடுத்துத்தர வேண்டும். சவுதி இக்காமாவில் (அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) இருப்பவர் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்கு எக்ஸிட் ரீ-என்ட்ரி என்ற விசா வேண்டும். அதில் ஒரு தடவைக்கு உரியதும் உண்டு, பல தடவைக்கு உரியதும் உண்டு. பார்டர் லைனில் ஓடும் டிரைவருக்குப் பல தடவைக்கு உரியதுதான் சரிப்படும். ஒரு தடவைக்கு உரியதை வைத்துக்கொண்டு ஒரு டிரிப் போய் வந்தவர், அடுத்த டிரிப்புக்குப் புதிதாக எடுத்திருக்கிறார்களா என்று ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இக்காமா முடியும் தேதி, விசா முடியும் தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி மூன்றையும் டிரைவரே ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. பார்டரில் நிற்கப்போவது கம்பெனி இல்லை.

வண்டிக்குரியது பதிவுப் புத்தகம் (சவுதியில் இஸ்திமாரா, எமிரேட்ஸில் முல்கியா), இன்சூரன்ஸ், அப்புறம் இந்த வண்டியை இந்த ஆள் ஓட்டலாம் என்று உரிமையாளர் கொடுக்கும் அனுமதி. வண்டி உங்கள் பேரில் இல்லை, கம்பெனி பேரில் இருக்கிறது. ஆகவே அந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது அதிகம். ஒரு நாட்டில் எடுத்த இன்சூரன்ஸ் அடுத்த நாட்டில் செல்லுபடியாகும் என்று நினைத்துக்கொள்வார்கள். சில அரபு நாடுகளுக்கு ஆரஞ்சு கார்டு என்ற பொது இன்சூரன்ஸ் உண்டு. மற்ற இடத்தில் எல்லையிலேயே அந்த நாட்டுக்கான இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் இன்சூரன்ஸ் செல்லாத நாட்டில் ஒரு விபத்து நடந்தால் அந்தக் கடன் டிரைவரின் வாழ்நாளைத் தின்றுவிடும்.

இன்னொன்று: நீங்கள் ஓட்டிவந்த வண்டியும் அந்த நாட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பொருள்தான். அது தற்காலிகமாக உள்ளே வருகிறது, திரும்பிப் போய்விடும் என்ற கணக்கில்தான் வரியில்லாமல் விடுகிறார்கள். பல எல்லைகளில் வண்டி எண்ணை டிரைவரின் பெயரோடு சேர்த்தே பதிவார்கள். வண்டியை அங்கே விட்டுவிட்டு ஊரில் சாவு, கல்யாணம் என்று விமானம் ஏறக் கிளம்பினால், ‘வண்டி எங்கே?’ என்று கேட்பார்கள். அவசரம் வந்தால் முதலில் வண்டியை வேறு டிரைவர் பெயருக்கு மாற்றிப் பதியச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது சரக்கு. அதைப் பார்ப்பது கஸ்டம்ஸ். அரபியில் ஜுமுருக் என்பார்கள். டிரைவர் அதிகம் அறிய வேண்டியதும் அதிகம் அறியாமல் இருப்பதும் இந்த இடம்தான்.

டிரான்சிட் என்றால் என்ன

ஒரு கன்டெய்னர் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்குகிறது. உள்ளே இருப்பது ரியாத்தில் ஒரு கடைக்குப் போக வேண்டிய சரக்கு. துபாயில் அது விற்கப்படப் போவதில்லை. அப்படியிருக்க எமிரேட்ஸில் எதற்கு வரி கட்ட வேண்டும்? கட்ட வேண்டாம். ‘இது இந்த நாட்டு வழியாகப் போகிற சரக்கு, இங்கே தங்காது’ என்று கஸ்டம்ஸ் ஒத்துக்கொண்டு வரியில்லாமல் விடுவதுதான் டிரான்சிட்.

விடுகிற நாட்டுக்கு ஒரு பயம் இருக்கும். வரி கட்டாத சரக்கை வழியில் எங்காவது இறக்கி விற்றுவிட்டால் என்ன செய்வது? அதனால் சரக்கின் சொந்தக்காரரிடமோ டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடமோ முதலிலேயே ஒரு உத்தரவாதத் தொகை வாங்கி வைக்கிறார்கள். கதவில் சீல் போடுகிறார்கள். இத்தனை நாளுக்குள், இந்தப் பார்டர் வழியாக வெளியேற வேண்டும் என்று கெடு வைக்கிறார்கள். அந்தப் பார்டரில் சீல் உடையாமல், எண் மாறாமல், கெடுவுக்குள் வண்டி வந்து சேர்ந்தது என்று பதிவானால்தான் உத்தரவாதத் தொகை திரும்பக் கிடைக்கும்.

டிரைவரின் பொறுப்பு என்ன என்பது இப்போது புரியும். சீல் போட்ட இடத்திலிருந்து சீல் வெட்டும் இடம் வரை அந்த வரி கட்டாத சரக்கு உங்கள் காவலில் இருக்கிறது. ஆகவே பாதை மாறிப் போவது, சொன்ன பார்டரை விட்டு வேறு பார்டருக்குப் போவது, வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுவது எல்லாமே சட்டத்தின் கண்ணில் கடத்தலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பாலைவனத்து ரோட்டில் வண்டி பிரேக்டவுன் ஆனால் என்ன செய்வது? உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். வேறு ஹெட் (ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி) அனுப்பி ட்ரெய்லரை இழுத்துப் போவதாக இருந்தால்கூட, மேனிஃபெஸ்டில் (வண்டியையும் சரக்கையும் குறித்த பட்டியல்) பழைய ஹெட்டின் எண்தான் இருக்கும். அதைக் கஸ்டம்ஸில் சொல்லித் திருத்திய பிறகுதான் நகர வேண்டும். பக்கத்தில் ஒரு நண்பரின் வண்டி காலியாக நிற்கிறதே, லோடை மாற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணமே வரக் கூடாது.

இப்படி ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக உத்தரவாதம் கட்டி, தனித்தனியாக சீல் போட்டுக்கொண்டிருந்தால் ஐந்து நாடு தாண்டிப் போகிற லாரி என்றைக்குப் போய்ச் சேரும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் பெரிதானது. அங்கே 1949-இல் தொடங்கிய ஏற்பாடு வளர்ந்து டிஐஆர் என்ற சர்வதேச ஒப்பந்தமானது. இன்று நடைமுறையில் இருப்பது 1975-இல் செய்துகொண்டது. ஒரே புத்தகம், ஒரே உத்தரவாதம், கிளம்பிய இடத்தில் போட்ட சீலை வழியில் உள்ள நாடுகள் மதிக்கும். அந்தப் புத்தகத்தை டிஐஆர் கார்னெட் என்பார்கள். வண்டியின் முன்னும் பின்னும் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் டிஐஆர் என்று இருந்தால் அது இந்த ஏற்பாட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். எமிரேட்ஸ், சவுதி, குவைத் எல்லாம் இதில் உண்டு. இந்தியாவும் 2017-இல் சேர்ந்தது.

‘வளைகுடா நாடுகள் ஆறும் ஒரே கூட்டணிதானே, அப்புறம் எதற்கு இத்தனை சோதனை?’ என்று பலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 1981-இல் அமைந்த அந்தக் கூட்டணி 2003 தொடக்கத்திலிருந்து சுங்க ஒன்றியமாகவும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பெரும்பாலான பொருளுக்கு 5 சதவீதம் சுங்கவரி, முதலில் நுழையும் இடத்தில் ஒரு தடவை கட்டினால் போதும் என்பது ஏற்பாடு. ஆனால் வாட் வரி நாட்டுக்கு நாடு வேறு. எமிரேட்ஸில் 5 சதவீதம். சவுதியில் 2020 ஜூலையிலிருந்து 15. குவைத்திலும் கத்தாரிலும் வாட் வரியே கிடையாது. எமிரேட்ஸ் விலைக்கு வாங்கிய பொருளைச் சத்தமில்லாமல் சவுதிக்குள் விட்டால் சவுதிக்கு 15 சதவீதம் நஷ்டம். அது போகத் தடைசெய்த பொருள், போதைப்பொருள், காலாவதியான உணவு, எங்கே தயாரித்தது என்ற முத்திரை இல்லாத பொருள் என்று பார்க்க வேண்டியவை நிறைய. சுங்க ஒன்றியம் வந்தாலும் எல்லைச் சோதனை போகாததற்குக் காரணம் இதுதான்.

சீல், எண்ணிக்கை, கையெழுத்து

கன்டெய்னர் கதவில் போடுவது போல்ட் சீல். ஒரு தடவை அமுக்கிப் பூட்டினால் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுக்க முடியும். அதில் ஒரு எண் பொறித்திருக்கும். அந்த எண் மேனிஃபெஸ்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு இலக்கமாக, விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஆபீஸில் டைப் அடிக்கும்போது 6 என்பது 8 ஆகிவிடும்; யாரும் கவனிக்க மாட்டார்கள்; பார்டரில் அதிகாரி கவனிப்பார். அந்த நேரத்தில் ‘டைப்பிங் தப்பு’ என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ள அவருக்கு வழியில்லை. அவர் பார்ப்பது, பேப்பரில் இல்லாத ஒரு சீல் கதவில் இருக்கிறது என்பதைத்தான்.

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. சீலைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள், முறுக்கிப் பாருங்கள். சரியாகப் பூட்டாத சீலும், வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டிய சீலும் இழுத்தால் கழன்று வரும். கதவின் கீல், தாழ்ப்பாளின் ரிவெட் புதிதாகப் பெயின்ட் அடித்ததுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீலைத் தொடாமலே கீலைக் கழற்றிக் கதவைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சரியென்றால் சீல், எண், கதவு, வண்டி நம்பர் பிளேட் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து, அங்கேயே நின்று கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் பதிவாகிவிடும். வழியில் இரவு தூங்கி எழுந்தால், டீக்கடையில் நின்றுவிட்டு வந்தால், வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி சீலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உடைந்திருப்பது பார்டரில் தெரியவந்தால் நீங்கள் குற்றவாளி. வழியில் நீங்களே பார்த்து, உடனே போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்லிவிட்டால் புகார் கொடுத்தவர் ஆகிவிடுகிறீர்கள். இந்த வித்தியாசம் பெரியது.

சில நேரம் வழியில் போலீஸோ கஸ்டம்ஸோ நிறுத்தி சீலை வெட்டித் திறந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு, தடுக்கக் கூடாது. ஆனால் பார்த்து முடித்ததும் புது சீல் போட்டு, அதன் எண்ணையும் தேதியையும் காரணத்தையும் பேப்பரில் எழுதி, முத்திரை வைத்துத் தரும்படி பணிவாகக் கேட்டு வாங்குங்கள். டிஐஆர் கார்னெட்டில் இப்படிப்பட்ட சம்பவத்தை எழுதுவதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. எழுத்து இல்லாமல் புது சீலோடு பார்டருக்குப் போய் நின்றால் நடந்ததை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

சீல் போடாத லோடு என்றால் எண்ணிக்கைதான் உயிர். கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றும்போது 40 கிலோ மூட்டை எத்தனை என்று எண்ணி, சீட்டில் உள்ளதோடு ஒத்துப்பார்த்த பிறகே நம்மூர் டிரைவர் கையெழுத்துப் போடுவார். குடோனில் ஒரு மூட்டை குறைந்தாலும் தன் தலையில்தான் விழும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஜாக்கிரதையை விமானம் ஏறும்போது விட்டுவிட்டுப் போகக் கூடாது. இன்வாய்ஸில் ஒரு எண்ணிக்கை, பேக்கிங் லிஸ்டில் ஒரு எண்ணிக்கை, வண்டியில் வேறு எண்ணிக்கை என்று இருந்தால், கூடினாலும் குறைந்தாலும் தப்புதான். குறைந்தால் வழியில் விற்றதாகச் சந்தேகம், கூடினால் மறைத்துக் கொண்டுவந்ததாகச் சந்தேகம்.

ஏற்கெனவே பூட்டி சீல் போட்ட கன்டெய்னரைக் கொடுத்து, ‘இத்தனை பெட்டி வாங்கிக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் ஒரு பெட்டியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லையே! கையெழுத்துக்கு மேலே ‘சீல் போட்ட நிலையில் பெற்றேன், உள்ளே எண்ணவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த வாக்கியத்தை யாரிடமாவது எழுதி வாங்கி போனில் வைத்துக்கொண்டால் பார்த்து எழுதலாம். எழுதவிடாமல் தடுக்கிறார்கள் என்றால் உடனே ஆபீஸுக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்வதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கையெழுத்தின் மதிப்பு தெரியாமல் போட்டுவிட்டு மாட்டிக்கொண்ட பையன்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

பார்டரில் பேப்பர் வேலையை முடித்துத்தர கிளியரிங் ஏஜென்ட் இருப்பார், முகல்லிஸ் என்பார்கள். அவர் கட்டுகிற டிக்ளரேஷனுக்கு (என்ன சரக்கு என்று கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் அறிவிப்பு) பயான் என்று பெயர். சவுதியில் இதெல்லாம் இப்போது ஃபஸாஹ் என்ற இணையத்தளம் வழியாக முன்கூட்டியே நடக்கிறது. பயான் எண் வந்துவிட்டதா என்று கேட்காமல் பார்டர் வரிசையில் போய் நிற்பதில் பயனில்லை.

ஊர்க்காரர் கொடுக்கும் பார்சல்

இதுவரை சொன்னது கம்பெனி சரக்கு. டிரைவர் ஜெயிலுக்குப் போவது பல நேரம் கேபினில் வைத்திருக்கும் சின்னப் பொருளால்தான்.

நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அங்கே போதைப்பொருள். எமிரேட்ஸிலும் சவுதியிலும் தடை. அது கசகசாச் செடியின் விதை. அபின் எடுப்பதும் அதே செடியிலிருந்துதான். ஒரு பாக்கெட் என்றாலும் வழக்குதான். அம்மா ஆசையாக அரைத்துக் கொடுத்தனுப்பும் மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணம் வெற்றிலை எத்தனை கொழுந்தாக இருந்தாலும் எமிரேட்ஸுக்குள் கொண்டுபோகக் கூடாது. பான், குட்காவும் அப்படித்தான். இருமலுக்குக் குடிக்கும் சில சிரப்புகளில் கோடீன் இருக்கும், சில வலி மாத்திரைகளில் டிராமடால் இருக்கும். இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல், சில மருந்துக்கு முன் அனுமதியும் இல்லாமல், கையில் இருக்கக் கூடாது. ‘நம்மூர் மெடிக்கலில் சும்மா கொடுப்பார்களே’ என்பது அங்கே பதிலாகாது.

அடுத்தவர் பார்சல் இன்னும் மோசம். ரூமில் இருக்கும் ஒருவர், அல்லது பெட்ரோல் பங்கில் அறிமுகமான ஒரு தமிழ்க்காரர், ‘பார்டருக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து வாங்கிப்பான்’ என்று ஒரு பை கொடுப்பார். ஊர்ப் பெயரைச் சொல்லி, உறவுமுறை வைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார். நம் மக்களுக்கு மறுத்துப் பேச வராது. மறுக்க வேண்டும். பையைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எதையும் கேபினில் ஏற்றக் கூடாது. பிரிக்க விடவில்லை என்றால் அதுவே பதில். சவுதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. கேப்டகன் என்ற போதை மாத்திரையைப் பழ லோடுகளுக்குள் ஒளித்து அனுப்புவது அந்த வட்டாரத்தில் பெரிய தொழில். 2021 ஏப்ரலில் லெபனானிலிருந்து வந்த மாதுளம்பழத்துக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளைச் சவுதி பிடித்தது. அதையடுத்து லெபனான் காய்கறி, பழம் எதுவும் வரக் கூடாது என்று தடை போட்டது. இந்த நிலைமையில் காய்கறி ஏற்றிய ஒரு ரீஃபரையோ (குளிர்சாதன ட்ரெய்லர்) டிரைவரின் பையையோ அதிகாரிகள் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில் கோபப்பட ஒன்றுமில்லை. கேள்விக்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் ஒரு லோடு

ரியாத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறீர்கள். ஒரு புரோக்கர் வந்து, ‘தம்மாமுக்கு ஒரு லோடு இருக்கு, போற வழிதானே, கையில காசு தர்றேன்’ என்பார். வண்டி எமிரேட்ஸ் பதிவு என்றால் இது குற்றம். வெளிநாட்டு வண்டி ஒரு நாட்டுக்குள் சரக்கு கொண்டுவரலாம், அங்கிருந்து வெளியே சரக்கு எடுத்துப்போகலாம். ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. அது உள்நாட்டு லாரிக்காரரின் பிழைப்பு என்பதால் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பிடிபட்டால் அபராதம், வண்டி பறிமுதல் வரை போகும். புரோக்கர் போனை அணைத்துவிடுவார். கம்பெனியே இப்படிப் போகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

காத்திருப்பு

எமிரேட்ஸிலிருந்து சவுதி போகும் வழி குவைஃபாத். அந்தப் பக்கம் பத்ஹா. 2009 ஜூனில் சவுதி தரப்பில் கைரேகை எடுக்கும் முறை வந்தபோது அங்கே ஆயிரக்கணக்கான லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நாள்கணக்காக நின்றன, கடும் வெயிலில். நடைமுறை இப்போது எவ்வளவோ வேகமாகியிருக்கிறது. ஆனாலும் பெருநாள் சமயம், ரமலான் நேர மாற்றம், கணினி முடக்கம் என்று எப்போது வேண்டுமானாலும் வரிசை நீளலாம். தண்ணீர் தேவைக்கு இரண்டு மடங்கு, டேங்கில் டீசல், கெடாத சாப்பாடு, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சில நாளுக்குக் கூடுதலாக (டாக்டர் சீட்டோடு) வைத்திருக்க வேண்டும். ரமலானில் பகலில் வெளியே நின்று சாப்பிடுவதும் புகைப்பதும் வேண்டாம்.

மணி விஷயம் ஒன்று. எமிரேட்ஸும் ஓமனும் சவுதியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் நேரம் எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

எல்லையே மூடிவிடுவதும் நடந்திருக்கிறது. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி சவுதிப் பக்கத்து சல்வா. 2017 ஜூனில் அரசியல் சண்டையில் அதை மூடினார்கள். 2021 ஜனவரியில்தான் திறந்தது. அந்த மாதிரிச் செய்தி வரும்போது வண்டியை எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் டிரைவர் இல்லை, கம்பெனி. எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாலும் விசா தேதி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் டிரைவர் மறக்கக் கூடாது.

இந்தியாவிலிருந்தே லாரியில் எல்லைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கதேசத்துக்குப் பெட்ராபோல் வழியாகப் போனால், நம் லாரி எல்லையைத் தாண்டி பேனாபோல் யார்டில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். டாக்கா வரை ஓட்ட முடியாது. நேபாளத்துக்கு ரக்சௌல் வழி. அங்கே விசா வேண்டாம், ஆனால் ஆதார் அட்டை போதாது, வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும். ஆள், வண்டி, சரக்கு என்ற கணக்கு அங்கேயும் இதேதான்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாக மட்டும் போங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்பவரிடம் வயலை அடமானம் வைத்துக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அதையும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ‘டிரைவர்’ என்று மட்டும் இருக்கிறதா, ஹெவி டிரைவர் என்று இருக்கிறதா பாருங்கள். பார்டர் லைன் உண்டா, டிரிப் பேட்டா எவ்வளவு, எல்லையில் நாள்கணக்கில் நின்றால் அந்த நாட்களுக்குப் பணம் உண்டா, பேப்பர் தவறால் வரும் அபராதம் யார் கணக்கில் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேகத்துக்கு டிரைவர் பொறுப்பு, அது நியாயம். மேனிஃபெஸ்ட் தவறுக்கு டிரைவரின் சம்பளத்தில் பிடிப்பது நியாயமே இல்லை. பல இடங்களில் அப்படித்தான் பிடிக்கிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் அதைப் பேசித் தீர்க்க முடியும்.

பாஸ்போர்ட், விசா, இக்காமா, ஒப்பந்தம், லைசென்ஸ் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் ஒரு உறையில் வைத்துவிட்டுப் போங்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், ஆபீஸ் போன் நம்பர் என்பது மனைவிக்கோ அண்ணனுக்கோ தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது பார்டரில் பிடித்து வைத்துவிட்டால், புரியாத அரபி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் வெளியுறவுத் துறையின் ‘மதாத்’ (MADAD) என்ற புகார் இணையத்தளத்தில் புகார் பதிய வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும். உறையில் உள்ள நகலில் அது இருக்கும்.